லங்காவிப் பாறைகளும் ஒதுக்குப்புறக் கடற்கரைகளும்: எந்தப் படகில் ஏறுவது?

கெடா மாநிலத்தின் பெடோங்கிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் லங்காவிக்குச் செல்லும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போய்வருகின்றன. குவா நகரில் இறங்கி, கழுகுச் சிலையின் முன் நின்று படம் எடுத்து, மறுநாள் கேபிள் காரில் ஏறி, தீர்வையில்லாக் கடைகளில் சாக்லெட்டும் பீங்கான் தட்டுகளும் சட்டி பானைகளும் வாங்கிக்கொண்டு, திரும்பும் பெர்ரியில் அசந்து தூங்கிவிடுகிறோம். இடையில் அரைப் பொழுது படகுச் சவாரிக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் படகுச் சவாரியைப் பற்றியதே இந்த மதிப்புரை. லங்காவியில் நாம் செலவழிக்கும் பணத்துக்கு உண்மையான பலன் கிடைப்பது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பலரும் ஏறும் படகில் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

லங்காவித் தீவுக்கூட்டம் 2007-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் அத்தகுதியை முதன்முதலில் பெற்ற இடம் அதுவே. 99 தீவுகள் என்று சொல்லப்படும் அந்தக் கூட்டத்தில் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மணற்பாறையிலிருந்து நேற்றைய அலை ஒதுக்கிய மணல் வரை, நிலத்தின் வரலாறு வெளிப்படையாக, கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. உலகம் அங்கீகரித்தது அந்தப் பாறைகளைத்தான். ஆனால் படகுத்துறைகளில் விற்கப்படும் பயணங்களில் பாறை என்பது படம் எடுப்பதற்கான பின்னணியாக மட்டுமே வருகிறது. படகுகள் பாறையை விரைவாகக் கடந்து சென்று, கழுகுக்குத் தீனி போடும் இடத்திலும் மிதக்கும் உணவகத்திலும்தான் நிற்கின்றன. தனிப்படகு ஒன்றைப் பேசி, நீர் வற்றும் நேரத்தைக் கணக்கிட்டு, பாறையின் அடியில் இயந்திரத்தை அணைக்கச் சொல்லுகிறவர்களுக்குத்தான் லங்காவி தன்னைக் காட்டுகிறது.

படகு நடத்துபவர்களின் பெயர்களை நான் இங்கே குறிப்பிடவில்லை. ஒரே துறையிலிருந்து ஏறக்குறைய ஒரே விலைக்குப் பல படகுகள் புறப்படுகின்றன; யாருடைய படகு என்பதைவிட எந்த வகைப் பயணம் என்பதே இங்கு வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஆகவே வடக்கே கிலிம் ஆற்றுப் பயணம், தெற்கே தீவுகளைச் சுற்றும் பொதுப் பயணம், மேற்கே செனாங் கடற்கரையிலிருந்து நாமே பேசி எடுக்கும் சிறு படகு ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுத்துக்கொள்கிறேன்.

போய்ச்சேரும் வழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெடோங்கிலிருந்து கோலக்கெடா துறைமுகமே அருகில் உள்ளது; அங்கிருந்து பெர்ரியில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். கோலப்பெர்லிஸ் வரை காரில் சென்றால் கடல்வழி சற்றுக் குறையும், சாலைவழி கூடும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் நம்மூர்க் குடும்பங்கள் வெள்ளிக்கிழமையையே தேர்ந்தெடுக்கின்றன. அன்று நண்பகல் தொழுகை நேரத்தில் படகோட்டிகள் பள்ளிவாசலுக்குச் சென்றுவிடுவார்கள். வெள்ளியன்று காலையிலேயே புறப்படுவது அல்லது பிற்பகலுக்குப் பேசி வைப்பது நல்லது.

கிலிம் படகுத்துறையில் வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் பெரும்பாலும் படகுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. சில நூறு வெள்ளி (ரிங்கிட்) என்றதும் முதலில் மலைப்பாக இருக்கும். எட்டுப் பத்துப் பேர் கொண்ட நம் குடும்பங்களுக்கு அதைப் பகிர்ந்துகொண்டால் ஒரு நல்ல சாப்பாட்டுக்குக் கொடுக்கும் தொகைதான் ஆளுக்கு விழும். பேரம் பேசும்போது விலையைக் குறைப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் ஆலோசனை. அதற்குப் பதிலாக, மிதக்கும் மீன் பண்ணையையும் அங்குள்ள உணவகத்தையும் பயணத்திலிருந்து நீக்கிவிட்டு அந்த நேரத்தைப் பாறைகளுக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு வாய்த்த படகோட்டி, இருபதுகளில் உள்ள மலாய் இளைஞர், இந்தக் கோரிக்கையைக் கேட்டதும் முகம் மலர்ந்து ஒப்புக்கொண்டார். மீன் பண்ணையில் நாம் சாப்பிட்டு முடிக்கும்வரை வெயிலில் காத்திருப்பது அவர்களுக்கும் விருப்பமான வேலை அன்று.

கிலிம் ஆற்றின் இருபுறமும் சதுப்புநிலக் கண்டல் காடு. அதற்குப் பின்னால் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள். இந்தச் சுண்ணாம்புப் பாறை 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆழமில்லாத வெப்பக் கடலின் அடியில், கடல் உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் படிந்து இறுகி உருவானது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக மாறி, பாறையின் வெடிப்புகளில் புகுந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதைக் கரைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஊசிமுனைகளாகவும் கத்தி விளிம்புகளாகவும் நிற்கும் உச்சிகளும், உள்ளே புகுந்து மறுபுறம் வெளிவரக்கூடிய குகைகளும், நடுவில் இடிந்து விழுந்து வானத்தைக் காட்டும் பள்ளங்களும் அப்படி உண்டானவை. மண்ணே இல்லாத பாறை வெடிப்பில் வேர்விட்டுப் பக்கவாட்டில் வளர்ந்து பிறகு மேல்நோக்கி நிமிரும் மரங்களைப் படகிலிருந்தே எண்ணிக்கொண்டு போகலாம்.

படகோட்டியிடம் இயந்திரத்தை அணைத்துக் குன்றின் அடிவாரத்தை ஒட்டிப் படகை நகர்த்தச் சொல்லுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, குன்றைச் சுற்றிலும் உள்நோக்கி அரித்த நீளமான குடைவு ஒன்று தெரியும். அலையும், நீரில் வாழும் சிற்றுயிர்களும், உப்புநீரின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து பாறையின் காலைக் குடைந்ததால் உண்டானது அது. சில இடங்களில் இன்றைய நீர் எட்டாத உயரத்தில் இன்னொரு பழைய குடைவும், அதில் ஒட்டிக்கொண்டு உலர்ந்துபோன சிப்பி ஓடுகளும் இருக்கின்றன. ஏறத்தாழ 5,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதியின் கடல்மட்டம் இன்று இருப்பதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது என்பதற்கான நேரடிச் சான்று அது. வாழ்நாளெல்லாம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய என் அத்தை அந்தக் குடைவை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம மரத்துல பட்டை சீவுன தழும்பு மாதிரி இருக்கே, பழைய வெட்டு மேல, புது வெட்டு கீழ" என்றார். கடல்மட்டம் இறங்கிய கதையைக் குழந்தைகளுக்கு விளக்க அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை; படகோட்டிக்கும் அதை மலாயில் சொன்னோம். "ஆச்சி சொல்றது சரி" என்று அவர் அடுத்த குன்றிலும் அதே உயரத்தில் உள்ள கோட்டைக் காட்டினார். அதன் பிறகு அவரே ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, எங்கே சிப்பி ஓடு தெரிகிறது என்று எங்களுக்காகத் தேடினார். கேட்பவர்கள் இருந்தால் இந்த இளைஞர்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

வௌவால் குகை இப்பயணத்தின் வழக்கமான நிறுத்தம். மரப்பலகை நடைபாதை இருக்கிறது; முட்டிவலி உள்ள பெரியவர்களும் மெல்ல நடந்து போய்வரலாம். சில இடங்களில் கூரை தாழ்வாக இருப்பதால் உயரமானவர்கள் குனிய வேண்டும். கைவிளக்கைக் கூரையில் உறங்கும் வௌவால்களின் மீது அடிக்காமல் காலடியிலும் சுவரிலும் அடித்துப் பாருங்கள். கூரையிலிருந்து சொட்டிய நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு, தொங்கும் கூம்புகளாக வளர்ந்திருப்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். முதலைக் குகை எனப்படும் மற்றொன்றுக்குள் படகே நுழையும். ஆனால் நீர் மிக உயர்ந்திருந்தால் கூரை தலையில் இடிக்கும், மிக வற்றிவிட்டால் படகு தரைதட்டும். எந்த நேரத்தில் போகலாம் என்பதைப் படகோட்டிதான் முடிவு செய்ய வேண்டும், வற்புறுத்தக் கூடாது.

இனி என் மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். முன்னொரு முறை உறவினர்களோடு சென்றபோது, எங்கள் படகை ஓட்டியவர் ஆற்றின் அகன்ற பகுதியில் நிறுத்தி, வாளியில் கொண்டுவந்த கோழித்தோலையும் கொழுப்பையும் நீரில் வீசினார். சில நிமிடங்களில் செம்பருந்துகளும் வெண்வயிற்றுக் கடற்கழுகுகளும் கூட்டமாக வந்து பாய்ந்து எடுத்தன. நாம் கருடன் என்று வணங்கும் பறவை செம்பருந்து. கோயில் கும்பாபிஷேகத்தில் வானத்தில் வட்டமிட்டால் கையெடுத்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதே பறவையைக் கோழிக்கழிவு தின்னப் பழக்கிவிட்டு அதைப் படம் எடுத்து மகிழ்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மீனையும் நண்டையும் பிடித்தும், செத்தவற்றைத் தின்று கரையைத் தூய்மை செய்தும் வாழ வேண்டிய பறவைகள், படகின் இயந்திர ஒலிக்குக் காத்திருக்கத் தொடங்கினால் குஞ்சுகளுக்கு வேட்டையைக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? இயற்கை ஆர்வலர்கள் இதை நீண்ட காலமாக எதிர்த்து வருகிறார்கள். பணம் கொடுப்பவர்கள் நாம். ஏறும்போதே "தீனி போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் படகோட்டி நிச்சயமாகக் கேட்பார். தீனி போடாமலேயே பருந்துகள் தென்படும். எங்கள் படகுக்கு மேலே ஒன்று நெடுநேரம் வட்டமிட்டது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறுகலான ஓடைகளில் படகு விரைந்து போனால் அது கிளப்பும் அலை கரையிலுள்ள சேற்றை அரித்து, கண்டல் மரங்களின் வேரை வெளியே இழுத்துவிடுகிறது. சாய்ந்து விழுந்த மரங்களைக் கிலிமில் பல இடங்களில் காணலாம். பிள்ளைகள் வேகத்தைக் கேட்டு ஆரவாரம் செய்வது இயல்புதான். அதைத் திறந்த கடலுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அப்பால் தஞ்சோங் ரூ கடற்கரை. நீண்ட வெண்மணல், கரையோரம் சவுக்கு மரங்கள், கடலுக்குள் தனித்தனியே நிற்கும் சுண்ணாம்புத் தீவுகள். நீர் நன்றாக வற்றும்போது கடலடி மணல்திட்டு வெளிப்பட்டு, அருகிலுள்ள சிறு தீவை நோக்கிக் கணுக்கால் நீரில் நடந்து போக முடிகிறது. பொதுப் பயணங்கள் நீரின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதில்லை. அவை அலுவலக நேரத்தைப் பார்த்துப் புறப்படுகின்றன. நாம் பார்க்க வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் நீர் மிக உயர்ந்து மிக வற்றும். அட்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கம் குறைவு. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்த்தே பயண நாளைத் தேர்ந்தெடுத்துவிடலாம். மணி நேரத்தை மட்டும் கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் சரிபார்த்துக்கொண்டால் போதும். நீர் இறங்கத் தொடங்கியதும் கிலிமிலிருந்து புறப்பட்டால் குகைக்குள் போவதற்கு நீரும் இருக்கும், தஞ்சோங் ரூ வந்து சேரும்போது மணல்திட்டும் தெரியும். ஆனால் நீர் திரும்பும் வேகத்தைக் குறைத்து எண்ண வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தூரத் தீவுக்கு நடப்பவர்கள், நீர் ஏறத் தொடங்கும் முன்பே கரைக்கு வந்துவிட வேண்டும்.

அருகிலுள்ள கறுப்பு மணல் கடற்கரைக்குச் சாலைவழியாகவே போகலாம். பெயரைக் கேட்டு முழுக் கறுப்பாக எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். வெள்ளை மணலில் கறுப்பு வரிகள் கலந்து கிடக்கின்றன. தீவின் நடுவிலுள்ள 881 மீட்டர் உயர குனோங் ராயாவின் கருங்கல் சிதைந்து, அதிலுள்ள டூர்மலின், இல்மனைட் போன்ற கனமான தாதுக்களை நீர் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஒரு பிடி மணலை உள்ளங்கையில் வைத்துக் கடல்நீரில் அலசினால் வெள்ளை மணல் முதலில் ஓடிவிடும், கறுப்பு தங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

தெற்கே போகும் பொதுப் பயணம்தான் லங்காவியில் மிக மலிவானதும் மிக அதிகமாக விற்பனையாவதும். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி, விடுதியிலிருந்து வேனில் ஏற்றி, வேறு குடும்பங்களோடு ஒரே படகில் அமர்த்தி, டாயாங் பூந்திங் தீவு, கழுகு பார்க்கும் இடம், பெராஸ் பாசா தீவு என்று மூன்று நிறுத்தங்களில் கொண்டுபோய் விடுவார்கள். பணத்துக்குக் குறைவில்லை என்று சொல்லக்கூடிய பயணம் இது. ஆனால் நேரம் நம் கையில் இல்லை. நாங்கள் சென்ற படகில், டாயாங் பூந்திங்கில் எங்களுக்குக் கொடுத்த நேரத்தின் பாதி, துறையிலிருந்து ஏரிக்கு ஏறி இறங்குவதிலேயே போய்விட்டது. படிகள் உண்டு, வழியில் குரங்குகள் உண்டு, கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் அது உணவு என்றே அவை முடிவு செய்து பறித்துவிடும். பெரியவர்கள் மூச்சு வாங்கி மேலே வந்து சேர்ந்தபோது, கீழே படகில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு அவசரமாகப் பார்க்க வேண்டிய இடமல்ல அது. லங்காவித் தீவுக்கூட்டத்தில் இரண்டாவது பெரிய தீவு டாயாங் பூந்திங். அதன் சுண்ணாம்புப் பாறை கிலிமில் உள்ளதைவிட இளையது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அடியிலிருந்து உருகி மேலெழுந்த கருங்கல் குழம்பின் வெப்பத்தில் அந்தச் சுண்ணாம்பு வெந்து, மணிமணியாக மறுபடியும் படிகமாகிப் பளிங்காக மாறிவிட்டது. பிறகு நிலத்தடி நீர் அதைக் குடைந்து குகையாக்கியது. குகையின் கூரை இடிந்து விழ, பள்ளத்தில் மழைநீர் தேங்கி நன்னீர் ஏரியானது. கடலிலிருந்து ஏரியைப் பிரிப்பது ஒரு பக்கத்தில் ஒடுங்கிய பாறைச் சுவர் மட்டும்தான். ஏரிக்கரையில் நின்று நன்னீரில் கை நனைத்துவிட்டு, அதே சுவரின் மறுபுறம் உப்புநீர் மோதிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பார்க்கும்போதுதான் இந்த இடத்தின் அருமை புரிகிறது. பிள்ளைவரம் வேண்டி இந்த நீரைப் பருகும் நம்பிக்கையும், குழந்தையைப் பறிகொடுத்த தேவகன்னியின் கதையும் பலர் அறிந்ததே. கடலிலிருந்து பார்த்தால் மலைகளின் வடிவம் மல்லாந்து படுத்திருக்கும் கர்ப்பிணிப் பெண்ணாகத் தெரிகிறது. அதைக் காட்டிக் கொடுக்கும் இடத்தில் மட்டும் எல்லாப் படகும் நிற்கும்.

பெராஸ் பாசா தீவின் மணல் வெள்ளை, நீர் தெளிவு. ஆனால் முற்பகலில் பொதுப் படகுகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே ஆள்களை இறக்குவதால், தனிமை தேடிப் போகிறவர்களுக்கு அங்கே இடமில்லை. இதே தெற்குத் தீவுகளைத் தனிப்படகில், பொதுப் படகுகள் புறப்படும் முன்பு, விடியற்காலையிலேயே சென்று பார்த்தவர்கள் மணலில் தங்கள் காலடித் தடம் மட்டுமே இருந்ததாகச் சொல்கிறார்கள். விலை கூடினாலும் அதையே நான் பரிந்துரைப்பேன்.

மூன்றாவது பயணத்துக்கு விளம்பரப் பலகை கிடையாது. செனாங் கடற்கரைக்கு எதிரே உள்ள சிறு தீவுகளில் ஒன்று தெப்போர். கரையில் நிற்கும் படகுக்காரர்களிடம் அந்தத் தீவின் பாறைக் கரையில் நீர் வற்றும் நேரத்தில் இறக்கிவிட்டு, காத்திருந்து திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று பேச வேண்டும். முதலில் கேட்டவர் வியப்பாகப் பார்த்தார். அங்கே உணவகம் இல்லை, கடை இல்லை, கழுகுத் தீனி இல்லை என்று எச்சரித்தார். அதற்காகத்தான் போகிறோம் என்றோம்.

தெப்போரின் கரைப்பாறை பார்வைக்கு எளிமையானது. கறுத்த சாம்பல் நிறம், மெல்லிய அடுக்குகள். கடலடியில் அமைதியாகப் படிந்த நுண்ணிய சேறு இறுகி உண்டானது. குனிந்து, முகத்தை ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நுண்ணிய சேற்றின் நடுவே, அதற்குச் சிறிதும் பொருந்தாமல், நகக்கண் அளவிலிருந்து தேங்காய் அளவு வரை தனித்தனிக் கற்கள் பதிந்திருக்கின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு, மற்றொன்று மணல் நிறம். ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதன் அடியிலுள்ள அடுக்குகளை விரலால் தொடர்ந்து பாருங்கள்: கல்லுக்குக் கீழே அவை அமுங்கி வளைந்திருக்கின்றன, கல்லுக்கு மேலே உள்ளவை அதன்மீது ஏறி இறங்கிச் செல்கின்றன. நுண்ணிய சேறு படியும் அளவுக்கு அசையாத நீரில், இவ்வளவு பெரிய கல்லை உருட்டிக்கொண்டு வர எந்த நீரோட்டமும் இருந்திருக்க முடியாது. கல் மேலிருந்து விழுந்திருக்க வேண்டும். விழுந்த இடத்தில் மென்சேறு அமுங்கியிருக்க வேண்டும்.

மேலே மிதந்துகொண்டிருந்தது பனிக்கட்டி. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய லங்காவியைத் தாங்கும் நிலத்துண்டு, தென்துருவத்தைச் சுற்றிக் கிடந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் விளிம்பில் இருந்தது. அங்கிருந்து உடைந்து கடலில் மிதந்த பனிமலைகள், தாம் நிலத்தில் சுரண்டி எடுத்த கற்களைச் சுமந்துவந்து, உருகும்போது ஒவ்வொன்றாகக் கீழே விட்டன. இந்தியாவும் அன்று அதே பெருங்கண்டத்தின் பகுதிதான். ஒடிசாவிலுள்ள தால்சிர் பாறைகளில் அதே பனிக்காலத்தின் கற்கள் கிடக்கின்றன. பிறகு இந்த நிலத்துண்டு உடைந்து வடக்கே நகர்ந்து, வெப்ப மண்டலத்துக்கு வந்து, மற்றொரு நிலத்தோடு மோதி இணைந்ததால்தான் மலேசியத் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி உண்டானது. வெயில் முதுகைச் சுட, வியர்வை கண்ணில் வழிய, பனிமலை கைவிட்ட கல்லின்மேல் விரல் வைத்திருந்த அந்த நேரத்துக்கு ஈடாக லங்காவியில் நான் வேறெதையும் சொல்ல மாட்டேன். நம் மாநிலத்தைக் கடாரம் என்று அழைத்து, 1025-இல் வந்த ராஜேந்திர சோழனின் கப்பற்படையைப் பேசி, உறவினர்களை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று பெருமைப்படுகிறோம். அந்தக் கப்பல்கள் வந்த மலாக்கா நீரிணையின் வடகோடியில் இப்படி ஒரு பழைமையும் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

படகு வேண்டாம் என்பவர்களுக்கு வடமேற்கில் பாசிர் தெங்கோராக் கடற்கரை உண்டு. சாலையிலிருந்து மரநிழலில் சிறிது நடந்தால் போதும். சிறிய வெண்மணல் வளைவு, இருபுறமும் கேம்பிரியன் காலத்து மச்சின்சாங் மணற்பாறை, எதிரே கடலில் தாய்லாந்தின் தருதாவ் தீவு. மலேசியாவின் மிகப் பழைய பாறையாகக் கருதப்படுவது இந்த மணற்பாறைதான். டிரைலோபைட் என்னும் அழிந்துபோன கடல் உயிரினத்தின் படிவங்கள் இந்தப் பாறைத் தொகுதியில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. வார நாளில் சென்றால் கூட்டம் குறைவு.

சேவையின் தரத்தைப் பற்றிச் சில செய்திகள். கிலிமில் உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் சிறு குழந்தைகளுக்குப் பொருந்தும் அளவு எல்லாப் படகிலும் இருப்பதில்லை, துறையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கழிவறை துறையில் மட்டும்தான். மிதக்கும் உணவகங்களில் கடலுணவுதான் முதன்மை. விரதம் இருப்பவர்களுக்குச் சோறும் வதக்கிய கீரையும் தவிர வேறு கிடைப்பது அரிது. புளிச்சோற்றைப் பொட்டலம் கட்டி எடுத்துச் செல்வதே நமக்கு வசதி. எச்சில் இலையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையும் வேண்டும். கடலில் குளிப்பவர்கள் ஜெல்லிமீன் அபாயத்தை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்டி வடிவ ஜெல்லிமீன் இந்நீரில் உண்டு. அதன் கொடுக்கு உயிருக்கே ஆபத்தானது. ஒரு புட்டி வினிகர் கைவசம் இருக்கட்டும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் வினிகரை ஊற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த வினிகருக்கு இன்னொரு பயனும் உண்டு. படகுத்துறையோரம் சிதறிக் கிடக்கும் சுண்ணாம்புச் சில்லு ஒன்றைச் சுரண்டி, அந்தப் பொடியின்மேல் சில துளி விட்டால் நுரைக்கும். மணற்பாறையில் விட்டால் நுரைக்காது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்த பிறகு ஒவ்வொரு கல்லையும் சோதிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சோதித்த சில்லை அங்கேயே போட்டுவிடச் சொன்னோம். புவிப்பூங்காவிலிருந்து கல்லையோ சிப்பியையோ எடுத்துவருவது கூடாது. தெப்போரில் பதிந்திருக்கும் கற்களைப் பெயர்க்க முயல்வது அதைவிடப் பெரிய குற்றம்.

குறையென்று நான் அழுத்திச் சொல்வது விளக்கப் பலகைகளையே. இருப்பவை மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. தமிழில் ஒரு வரி கூட என் கண்ணில் படவில்லை. கெடாவின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் பேருந்து பேருந்தாகப் பிள்ளைகள் லங்காவிக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். அவர்களின் பயணத்தில் நீர்வாழ் உயிரினக் காட்சியகமும் கடைவீதியும் இருக்கின்றன, கிலிமின் குடைவும் தெப்போரின் கல்லும் இல்லை. புவிப்பூங்காத் தகுதியை யுனெஸ்கோ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறது. உள்ளூர் மக்களுக்கு அறிவு புகட்டுவதும் அந்த ஆய்வில் பார்க்கப்படும் ஒன்று. பலகை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை அச்சடித்து, படகுக்கு ஓர் ஆசிரியர் என்று அனுப்பினாலே போதும்.

தெப்போருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கரைப்பாறை பாசி படிந்து வழுக்குகிறது; படகிலிருந்து முழங்கால் நீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். பிடிமானமுள்ள பழைய காலணி கட்டாயம், ஜப்பான் சிலிப்பர் உதவாது. மழையும் காற்றும் மிகுந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிறு படகில் அங்கே போக வேண்டாம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். அத்தை அன்று படகிலேயே உட்கார்ந்துகொண்டார். அவரைப் போன்ற பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள், கூரையுள்ள படகாகப் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள். நாம் பாறையைப் பார்த்து முடிக்கும்வரை அவர்கள் நிழலில் இருக்க வேண்டும் அல்லவா.